பூசி முடியாத வீடு

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், பொலிஸாக இருக்குமோ என்று ஜெயரூபி முதலில் பார்ப்பது புருசனின் வாயைத்தான். அது மூடியிருந்தால் பாதி நிம்மதி. முனியசாமி இராமநாதபுரத்து ஆள். "என்னங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கடல் தாண்டி வந்தவர் என்று கனகராயன்குளத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அந்த மனுசனுக்கோ சும்மா இருக்கத் தெரியாது. நாயோடும் கதைப்பார், குழைத்து வைத்த சாந்தோடும் கதைப்பார்.

அவள் ஒட்டுசுட்டானில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் தாயின் இடுப்பில் இருந்தபடி படகேறி அக்கரை போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தாள். அங்கே தலை எண்ண வருகிற நாளில் வரிசையில் நிற்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முகாமில் தண்ணீர்த் தொட்டி கட்ட வந்த மேசன்தான் முனியசாமி. கலியாணம் முடித்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊர் திரும்பியபோது, இனி யாருக்கும் பயந்து வரிசையில் நிற்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

அங்கே அவள் வெளியாள், இங்கே அவர் வெளியாள். அவருக்குக் கிடைத்த விசாவில் மனைவியோடு தங்கலாம். கூலிக்கு வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவது குதிரைக் கொம்புதான். பிள்ளைகள் இரண்டும் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர்கள். ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் தகரக் கொட்டிலுக்குள் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்? ஒளித்து ஒளித்து வேலைக்குப் போனார். ஜெயரூபியும் சாந்து குழைக்கக் கூடப் போனாள். உண்மையில் அவள் போனது காவலுக்கு. அவருடைய பாஸ்போட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி எந்நேரமும் கையோடு வைத்திருந்தாள். முகாம் பழக்கம் விடவில்லை.

இப்படித்தான் கமலேஸ்வரி அக்காவின் வீட்டு வேலை வந்தது. புருசனை இழந்த மனுசி. பின்னால் ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு, முன்னால் தன் காணியில் கல்வீடு ஒன்று எழுப்பத் தொடங்கியிருந்தாள். "பிடிச்சால் வேலை குடுத்த உன்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோவாங்கள்" என்று அவளுடைய அண்ணன் ஏரம்பர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "இவனைப் போலக் கட்டுறதுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?" என்று கேட்டு அவள் அவர் வாயை அடைத்துவிட்டாள்.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. முதிரை மரத்து நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். ஏரம்பரும் மனைவியும் தம்பதியாக நின்று நவதானியமும் பொன்னும் இட, முனியசாமி நிலையைத் தூக்கி நிறுத்த வேண்டும். நிலை வைத்த மேசனுக்கு வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு புது வேட்டி கொடுத்து மரியாதை செய்வது வழக்கம். தட்டில் அந்த வேட்டி தயாராக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து முனியசாமிக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. நல்ல காரியத்துக்கு அழுக்கோடு வரக்கூடாது என்று அக்கா சொன்னதால் ஜெயரூபியும் தன்னிடமிருந்த ஒரேயொரு நல்ல சேலையைக் கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். கமலேஸ்வரி அக்காவோ பொங்கல் பானையோடு மல்லுக்கட்டி, புகையும் கரியுமாகப் பழைய சேலையில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஒரு பொலிஸ் சார்ஜன், கூடத் தமிழ் பேசுகிற ஒரு கான்ஸ்டபிள். சார்ஜன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கான்ஸ்டபிள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இஞ்ச இந்தியாக்காரர் ஒருத்தர் கூலிக்கு நிக்கிறாராம் எண்டு தகவல். அவரையும் கொண்டுபோகலாம், வேலை குடுத்த ஆளையும் கொண்டுபோகலாம். எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

ஏரம்பர் கையில் இருந்த தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கான்ஸ்டபிளின் கண், நல்ல சேலையும் பூவுமாக நின்ற ஜெயரூபியிடம் வந்து நின்றது.

"அக்கா, நீங்களோ இந்த வீட்டுக்காரி?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. "ஓம்" என்றாள்.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இனி விழுங்க முடியாது. "இவர் என்ர மனுசன், சேர். இந்தியாதான். விசா இருக்கு. எங்கட வீட்டை நாங்களே கட்டுறம்" என்று பொலித்தீன் பையைப் பிரித்துப் பாஸ்போட்டை நீட்டினாள்.

"அதெப்பிடி..." என்று ஏரம்பர் வாயைத் திறந்தார். கமலேஸ்வரி அக்கா சட்டென்று ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து அவர் வாய்க்குள் திணித்தாள். "அண்ணை, நல்ல நேரம் போகுது. பிள்ளையையும் மருமோனையும் முன்னுக்கு வரச் சொல்லுங்கோ" என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சார்ஜன் பாஸ்போட்டைப் புரட்டினார். ஏதோ சொன்னார். "சொந்த வீடு எண்டால் பிரச்சினை இல்லையாம்" என்றான் கான்ஸ்டபிள். அப்பாடா என்று மூச்சுவிட்டால், அவர்கள் போகிற பாடாக இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்கள். "செய்யுங்கோ, செய்யுங்கோ. நாங்களும் பாப்பம்."

வேறு வழி? ஜெயரூபியும் முனியசாமியும் தம்பதியாக முன்னால் போனார்கள். கமலேஸ்வரி அக்கா, தன் தாயின் தோட்டில் மிஞ்சிய பொன் திருகாணியை இடுப்புச் சேலை முடிச்சிலிருந்து அவிழ்த்து ஜெயரூபியின் உள்ளங்கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது. அதைக் குழிக்குள் இடும்போது ஜெயரூபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. களவெடுத்தவள் போல இருந்தது. அதற்குள்ளும், இது நம் வீடாக இருந்தால் என்று மனம் ஒரு கணம் ஆசைப்பட்டது. அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

நிலை ஏறியது. கான்ஸ்டபிள் தட்டைக் காட்டினான். "இந்த வேட்டி ஆருக்கு? மேசனுக்கோ?"

முனியசாமியின் வாய் அசைந்தது. ஜெயரூபி அவர் காலை மிதித்தாள்.

"நாள் பாத்துத் தந்த இவருக்கு" என்று கமலேஸ்வரி அக்கா வேட்டியை ஏரம்பரின் கையில் வைத்தாள். ஒரு கல்லைக் கூடத் தூக்கிவைக்காத ஏரம்பர், வெற்றிலை அடைத்த வாயோடு மேசனின் மரியாதையை வாங்கிக்கொண்டார். முனியசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

போகிறபோது கான்ஸ்டபிள் நல்ல முகத்தோடுதான் சொன்னான். "வீடு முடிஞ்சு குடிபூரலுக்கு எங்களையும் மறக்காதேங்கோ அக்கா. கட்டாயம் வருவம்."

அவர்கள் போனதும் ஜெயரூபி கமலேஸ்வரி அக்காவின் காலில் விழப் போனாள். நிலையைக் கழற்றித் திரும்ப வைத்துத் தருகிறேன் என்றார் முனியசாமி. "வைச்ச நிலையைக் கழட்டக் கூடாது" என்றாள் அக்கா. "என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள், பிள்ளை. நீ ஓம் எண்டது எனக்கும் சேர்த்துத்தான்." பிறகு அடுப்படிக்குப் போய் இருந்து அழுதாள்.

வீடு வளர்ந்தது. சுவர் எழும்பி, கூரை ஏறியது. வளர வளர ஜெயரூபிக்குத் தூக்கம் குறைந்தது. வீடு முடிந்தால் குடிபூரல். குடிபூரலுக்குப் பொலிஸ் வரும். யார் பால் காய்ச்சுகிறார்கள், யார் உள்ளே குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். வீடு முடியாமல் இருக்கிற மட்டும்தான் முனியசாமி தன் வீட்டைக் கட்டுகிற மனுசன். அதனால் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்தாள். தண்ணீர் அள்ளப் போனால் மெல்ல, ஆறுதலாக வந்தாள். கமலேஸ்வரி அக்கா கண்டும் காணாதவள் போல இருந்தாள். "மழைக்குணமாக் கிடக்கு, நாளைக்குப் பூசலாம்" என்பாள், வெயில் கொளுத்துகிற நாளிலும்.

எப்படி இழுத்தாலும் சுவருக்கும் ஒரு முடிவு உண்டுதானே. கடைசிச் சுவரும் பூசிக் காய்ந்த காலையில், வாசலில் அதே மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து நின்றது.

"என்னக்கா, முடிஞ்சுதோ? எப்ப குடிபூரல்?" என்று கான்ஸ்டபிள் அதில் இருந்தபடியே கேட்டான்.

ஜெயரூபி வாசலை மறித்து நின்றாள். உள்ளே ஒரு குறையும் இல்லை. இந்த முறை ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

உள்ளே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கமலேஸ்வரி அக்கா சுத்தியலை எடுத்து, நேற்றுத்தான் கையால் தடவிப் பார்த்து வடிவாக இருக்கு என்று சொன்ன சுவரை, தன் சொந்தச் சுவரை, கொத்திக்கொண்டிருந்தாள். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

"எங்க சேர் முடியுது?" என்று அக்கா உள்ளே இருந்தே சத்தமாகச் சொன்னாள். "பூச்சுச் சரியில்லை. திரும்பவும் பூசோணும்."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. முனியசாமி சுவர் பூசுகிற சாந்தகப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். ஜெயரூபி மணலை அரிக்கத் தொடங்கினாள்.