எடுத்துக் கொடுக்காத இருபது நாட்கள்

நான்கு வருடங்களுக்கு முன், கூத்தாநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இஸ்லாமிய மார்க்க வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சம்பா அறுவடை முடிந்த நேரம். ஓதல் பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து ஒரு ஆலிமா, மார்க்கக் கல்வி முடித்த பெண், வந்திருந்தார். என் பிள்ளைகள் பின்னி எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை முதலில் கூப்பிட்டார். தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தை தினமும் என் எதிரே மளமளவென்று ஓதுகிறவள் அவள். ஆலிமா அவளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். நான் அவள் முதுகுக்குப் பின்னால். இரண்டு வரி வந்தது, அப்புறம் சத்தமே இல்லை.

“டீச்சர்கிட்ட நல்லா ஓதுவியாமே, என்னம்மா ஆச்சு?”

“டீச்சர் வாயைப் பாத்தா வந்துடும்” என்றாள் மெதுவாக.

எனக்குச் சுரீர் என்றது. நான் ஓர் அவசரக்குடுக்கை. பிள்ளைகள் லேசாகத் தயங்கினாலே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். கூடவே உதட்டையும் அசைத்துக்கொண்டிருப்பேன். அவள் ஓதியதெல்லாம் என் உதட்டைப் பார்த்துத்தானா!

ஒண்ணாம் வகுப்போடு சேர்ந்து முதலிலிருந்து ஓதட்டும் என்றார் ஆலிமா. அவள் தங்கச்சி அந்த வகுப்பில்தான் இருந்தாள். பிள்ளை முகம் செத்துப் போனது.

“தப்பு என்னோடதுங்க. இருபது நாள் குடுங்க, தனியா ஓத வைக்கிறேன்” என்றேன். சரி, மறுபடி வந்து கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் சில நாள் முழுதாகச் சேர்ந்து ஓதினேன், ஆனால் துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு. பிறகு ஒவ்வொரு வரிக்கும் முதல் சொல் மட்டும். அது பழகியதும் சொல்லும் கிடையாது, விரலை மட்டும் தூக்குவேன். நடுவில் ஒரே இடத்தில் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றாள். என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

அவள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். “புள்ள வீட்டுல அழுவுறா டீச்சர். ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா என்னங்க கொறஞ்சிடும்?”

“இப்ப குடுத்தா, எப்பவும் நானே குடுக்கணும்ங்க. தொழும்போது நான் பக்கத்துல இருக்க முடியுமா?” என்றேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் விடுவதாக இல்லை. கடைசி இரண்டு நாள் விரலையும் மடக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆலிமா வந்த அன்று, நானாகவே வெளியே போய் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குழாயடியில் நின்றேன். உள்ளே ஓதல் கேட்டது. மூன்று நாள் முட்டிக்கொண்ட அதே இடம் வந்தது. நின்றுவிட்டது. யா அல்லாஹ்! கால் தானாக வாசல் பக்கம் போனது. குழாயை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மூச்சு நேரம்தான். விட்ட இடத்திலிருந்து அவளே எடுத்து, கடைசிவரை ஓதி முடித்தாள். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வகுப்பை விட்டு வெளியே ஓடி வந்தவள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோழிகளோடு விளையாடப் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை அன்று என்னைத் தேடவில்லையே, வாத்தியார் வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.