கண்ணாடியில் விழுந்த எழுத்துகள்

ஈப்போவில் கல்யாணப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. துக்க வீடுகளில் படம் எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஆனால் ஒரு பெண்ணின் திருமணத்துக்குப் படம் எடுத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அவள் போன் செய்து அழுதபோது மறுக்க முடியவில்லை.

“அப்பா போயிட்டாருண்ணே. தம்பி ஆஸ்திரேலியாவுல மாட்டிக்கிட்டான், டிக்கெட் கெடைக்கல. அவன் பாக்குறதுக்கு அப்பா முகத்த நேரா ஒரு படம் எடுத்துக் குடுங்கண்ணே.”

பத்து காஜாவை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபின் குடும்பம் அங்கே வந்திருந்தது. பெட்டியை மூடிவிட்டார்கள், முகத்துக்கு நேரே மட்டும் கண்ணாடி. வெள்ளைச் சட்டையின் கழுத்து வரை தெரிந்தது. ஜெபம் தொடங்குமுன் அவசரமாகக் குனிந்து நாலைந்து படம் எடுத்தேன். பெட்டியை மூடுமுன் உறவினர் ஒருவர் பக்கவாட்டில் நின்று போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் வாங்கிக்கொண்டேன். அதில் ஜெபமாலை சுற்றிய கைகள் மட்டும்தான் தெளிவாக இருந்தன.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோதுதான் பார்த்தேன். எதிர் ஜன்னலின் வெயில் என் கேமராவில் பட்டிருக்கிறது. அதன் கறுப்பு உடம்பும் என் கறுப்புச் சட்டையும் கண்ணாடியில் தெரியவில்லை. கேமரா கம்பெனியின் பெயர் மட்டும், வெள்ளை எழுத்தில், இடவலம் மாறி, அவர் நெற்றியின் குறுக்கே கிடந்தது. எல்லாப் படத்திலும்.

அழித்துப் பார்த்தேன். எழுத்து புருவத்தின் மேலும் ஏறியிருந்தது. அழித்த இடத்தில் நானாக ஒரு புருவம் வரைய வேண்டும். வரைந்தேன். வேறு யாரோ மாதிரி இருந்தது. மூடிவிட்டு மறுநாள் அவளிடமே நேரில் போனேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“தோட்டம் போனப்புறம் அப்பாவுக்கு ஜாகா வேலைதான், கேட்டுல காவல். பதினெட்டு வருஷம் நெஞ்சுல கம்பெனி பேரு போட்ட சட்டை. அதான் நேத்து வெறும் வெள்ளச் சட்டை போட்டு விட்டேன்” என்றாள். “இப்ப நெத்தியிலயா?”

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கைகளின் படத்தைத் தம்பிக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவனே என்னை அழைத்தான்.

“முகம் இல்லையாண்ணே?”

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

“பரவால்லலா. இருக்குறத அனுப்புங்க. நீங்க வரைஞ்சது வேணாம்.”

எழுத்தோடு கிடந்த முகத்தை அப்படியே அனுப்பிவைத்தேன். நீல நிறத்தில் இரண்டு குறி விழுந்தது, பார்த்துவிட்டான் என்று.

மறுநாள் இரும்புக் கடையில் கறுப்புத் துணி டேப் வாங்கி, கேமராவின் பெயரை மூடினேன். கழுத்தில் மாட்டும் பட்டையில் இருந்த பெயரையும் மூடினேன். மண்டபங்களில் மற்ற படக்காரர்கள் கேட்பார்கள், “என்ன மச்சான், திருடனுக்குப் பயந்தா?” சிலர், பழைய மாடலை மறைக்கிறேன் என்று சிரிப்பார்கள். மணமேடையில் ஆள் காத்திருக்கும்போது அந்தக் கதையை எங்கே சொல்வது? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.