நிறுவைக் கொட்டகையில் திறந்த கதவு

பேய், முனி, குளிகன் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் மட்டும் அல்ல. உள்ளூர்ச் செய்திகளைப் பல வருடம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், பார்த்ததை மட்டும் எழுது, கேட்டதை எழுதாதே என்று பழகிய கை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

கம்போங் ராஜா ஊரிலிருந்து உள்ளே பிரிந்து போகும் பாதையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறேன். திரிங்காப் தோட்டங்களில் பூ எடுத்து தானா ராத்தா கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அதற்காக ஒரு பழைய சின்ன கார் வாங்கினேன். வாங்கிய மாதமே அதன் ரிமோட் தகராறு செய்ய ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. சாவியைப் போட்டுத் திறக்கலாம் என்றால் கதவின் சாவித்துளை துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, எங்கள் ஊர்ப் பனி இரும்பை விட்டுவைப்பதில்லை. ஆக, ரிமோட் வேலை செய்தால்தான் காருக்குள் போக முடியும். உள்ளே போய்விட்டால் கவலை இல்லை, சாவியைத் திருகினால் வண்டி ஓடும்.

பட்டன் பேட்டரியை மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. ரிமோட்டைப் பிரித்து, பேட்டரி தொடும் தகட்டைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். ஈரம் உறிஞ்சட்டும் என்று மனைவி அதை அரிசி டின்னில் போட்டு வைத்தாள். கம்போங் ராஜாவில் சாவிக்கடை வைத்திருக்கும் சீனர் காரின் கம்ப்யூட்டரோடு அதை மறுபடி இணைத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே இருக்கும் பலகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஈயப் பற்று ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, இது அதிக நாள் தாங்காது, புதியது வரவழைக்கிறேன், அதுவரை ஓட்டு என்றார்.

இதெல்லாம் சாதாரணக் கோளாறு. எனக்கு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். கோபம் வந்தது தோட்டத்து ஆட்கள் சொன்ன காரணத்தைக் கேட்டபோதுதான்.

அதற்கு என் அக்கா ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மலைச் சரிவில் குளவிக் கூடு கலைந்து அவளை மொய்த்துவிட்டது. நிறுவைக் கொட்டகை வரைக்கும் தூக்கி வந்தார்கள். அங்கே லோரி நின்றது. டிரைவரும் நின்றார். சாவி மட்டும் நிறுவைக் கணக்கு எழுதும் கிராணியின் சட்டைப் பையில் இருந்தது.

அது எங்கள் தோட்டத்துப் பழக்கம். கொழுந்து மூட்டைகளை நிறுத்து லோரியில் ஏற்றி முடிக்கும்வரை லோரிச் சாவி கிராணியிடம்தான் இருக்கும், நிறுவை முடியாமல் டிரைவர் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக. அன்றும் நிறுவை பாதியில் இருந்தது. கிராணி முடியட்டும் என்றார். மூட்டைகள் முடிந்தபோது, பூட்டிய லோரிக் கதவில் சாய்த்து உட்கார வைத்திருந்த அக்காவும் முடிந்துபோயிருந்தாள். யாரும் எந்த விசாரணையும் வைக்கவில்லை. குளவி கொட்டிச் சாவு என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, மஞ்சளும் குங்குமமும் அப்பி, சிவப்புத் துணி சுற்றினார்கள். குளவிக்காரி அம்மா என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியாகப் போகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கல்லை நட்டவர் யார் தெரியுமா? அதே கிராணி. வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்தான் சூடம் கொளுத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு என் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவளை, உயிரோடு இருந்தபோது ஒரு சாவி கொடுக்காத ஆள், செத்த பிறகு சாமியாக்கிவிட்டார். சாமியாக்கிவிட்டால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

நான் அங்கே ஹாரன் அடிப்பதில்லை. என் ரிமோட் கெட்டதற்கு அதுதான் காரணமாம். லைனில் பாதிப்பேர் இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். என் அக்காவுக்கு நான் ஹாரன் அடிக்க வேண்டுமாம்.

ஒரு நாள் மத்தியானம் பூக்கூடைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பனி இறங்கிச் சரிவெல்லாம் வெள்ளையாக இருந்தது. கொட்டகை எதிரே லோரி பாதையை அடைத்து நின்றது, நிறுவை நடந்துகொண்டிருந்தது. காரை வந்த பக்கமே திருப்பி ஓரம் கட்டிவிட்டு, மீதியை நடந்துவிடலாம் என்று இறங்கி, பழக்கத்தில் ரிமோட்டை அழுத்திப் பூட்டினேன். பூட்டிக்கொண்டது.

நாலடி நடந்திருப்பேன். மேலே சத்தம் கேட்டது. கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடி நிரையில் நடந்த இரண்டு பேரில் ஒருவன், ஜலால் என்ற வங்காளதேசத்துப் பையன், செடிக்குள் இருந்த குளவிக் கூட்டை மெஷினால் வெட்டிவிட்டான். கூட்டாளி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் சறுக்கியபடி வந்தான். முகம் ஊதி கண் மூடிக்கொண்டது, மூச்சு விசில் மாதிரி கேட்டது. கொண்டுவந்து எங்கே உட்கார வைத்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? லோரிக் கதவில் சாய்த்துத்தான்.

கிராணிக்கு அந்த வருடத்தோடு வேலை முடிய இருந்தது. தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள், அதே தராசு. ஜலாலைப் பார்த்தார், கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது.

"கிராணி, சாவியக் கொடுங்க. லோரியில ஏத்திட்டுப் போயிரலாம்," என்றேன்.

"நிறுவை பாதியில நிக்குது சூசை. இப்ப லோரி போனா கணக்கெல்லாம் குழம்பிரும். அதான் உன் காடி நிக்குதே, அதுல ஏத்திட்டுப் போலா."

நியாயம்தான். ஓடிப்போய் ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. கதவோடு ஒட்டி வைத்து அழுத்தினேன். நகத்தால் நெம்பிப் பிரித்து, பேட்டரியை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். குளிரில் விரல் மரத்திருந்தது. பேட்டரி நழுவி, பாதையோரக் கானில் ஓடிய தண்ணீரில் விழுந்து போய்விட்டது. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், இங்கேதான் எல்லோரும் என்னை மடக்கப் பார்க்கிறார்கள். பேட்டரி போய்விட்டது. என் கையில் இருந்தது வெறும் கூடு.

பின்னால் கிராணியின் குரல் கேட்டது, கோபமே இல்லாமல், புத்தி சொல்வது மாதிரி.

"நாந்தான் எத்தன தடவ சொன்னேன், போறப்ப வாரப்ப ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போன்னு. அவளுக்குக் கோவம்பா."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. காது அடைத்துக்கொண்டது.

"அவளுக்குக் கோவம் இருந்தா அது எம்மேல இருக்காது கிராணி," என்றேன்.

கார்க் கண்ணாடியை உடைக்க ஒரு கல் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய கல் அதுதான். சிவப்புத் துணியை உருவி எறிந்துவிட்டு, அவர் நட்ட அந்தக் கல்லைப் பிடுங்கினேன். நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள், தராசு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினேன். ரிமோட்டின் கூடு கார் பானெட்டின் மேல் பிரிந்து கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

காரின் விளக்குகள் இரண்டு முறை கண் சிமிட்டின. நாலு கதவின் பூட்டுக் குமிழ்களும் டக்கென்று ஒரே நேரத்தில் எழுந்தன.

நான் மட்டும் பார்த்ததல்ல. ஜலாலின் கூட்டாளி பார்த்தான், லோரி டிரைவர் பார்த்தார், கிராணி பார்த்தார். யோசிக்க நேரம் இல்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு ஜலாலைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம், கூட்டாளி முன்னால் ஏறிக்கொண்டான். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஏறி ஏறி முந்தி, எப்படியோ தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

சாவிக்கடைச் சீனரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கூட்டைப் பிரித்துப் பார்த்தார். ஈயப் பற்று முழுதாகவே விட்டுப்போயிருந்தது, பேட்டரி இருந்திருந்தாலும் இது வேலை செய்திருக்காது என்றார். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துவது போல, கதவு ஒயரில் தண்ணீர் இறங்கியிருக்கும், பழைய காரில் அப்படித் தானாகத் திறப்பது உண்டு என்று மலாய் மொழியில் விளக்கினார். நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். புது ரிமோட் வந்தது. சாவித்துளையும் மாற்றினோம். இரண்டும் அருமையாக வேலை செய்தன.

ஆனால் அன்றிலிருந்து ஒன்று தொடங்கியது. நிறுவைக் கொட்டகையைக் கடக்கும்போது பின்னால் இடது பக்கக் கதவின் குமிழ் மட்டும் தானாக எழும். ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிற நேரம் கழித்து, தானாக இறங்கிக்கொள்ளும். என் ரிமோட்டில் ஒரு கதவை மட்டும் திறக்கும் வசதி கிடையாது, திறந்தால் நாலும் திறக்கும். ஒயரை மாற்றச் சொன்னேன். மாற்றியும் எழுந்தது. அந்தக் கதவின் பூட்டு மோட்டாரையே கழற்றி வெளியே எடுக்கச் சொன்னேன். மோட்டார் இல்லாத கதவிலும் எழுந்தது. பல நாள் கவனித்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. தோட்டத்துக்குள் வரும்போது எழுவதில்லை. மருத்துவமனை இருக்கும் பக்கமாக வெளியே போகும்போது மட்டும்தான்.

மனைவி காரை விற்றுவிடச் சொன்னாள். நான் விற்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொட்டகை வந்தால் வண்டியை மெதுவாக்கப் பழகிக்கொண்டேன். ஹாரன் அடிக்கவில்லை, கல்லையும் திரும்ப நடவில்லை. நின்று, குமிழ் இறங்கிய பிறகு கிளம்புவேன். அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, லைன் முனையில் குடை பறக்க கிராணி நின்றுகொண்டிருந்தார். வேலை ஓய்ந்தும் தோட்டத்து வீட்டில்தான் இருந்தார். முழங்கால் வலிக்கு மருத்துவமனையில் பெயர் கொடுத்திருப்பதாகவும் பஸ்ஸை விட்டுவிட்டதாகவும் சொன்னார். அந்த மனிதரோடு பேச எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் மழையில் நிற்கிற கிழவரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. முன் கதவைத் திறந்துவிட்டேன். ஏறிக்கொண்டார். குமிழ் விஷயத்தை நான் மனைவியையும் சாவிக்கடைக்காரரையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம் சொல்ல எந்த அவசியமும் இல்லை.

கொட்டகை அருகே வழக்கம்போல் வண்டியை நிறுத்தினேன். குமிழ் எழுந்தது.

கிராணி திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை மெதுவாக எழுந்து, காலியாக இருந்த சட்டைப் பையை மூடிக்கொண்டது. நேராக முன்னால், கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடியே பேசினார். என்னிடம் பேசவில்லை.

"நிறுவை இன்னும் முடியலம்மா," என்றார்.

அவரே கதவைத் திறந்து, குடையைக்கூட எடுக்காமல் இறங்கி, வந்த வழியே மேட்டில் நடக்க ஆரம்பித்தார். பையைப் பொத்திய கையை எடுக்கவில்லை. நான் குமிழ் இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. மருத்துவமனை வாசல் தாண்டி, பூக்கடை வரைக்கும் அது எழுந்தபடியே இருந்தது. கடைசியில் நானே கையால் அழுத்திவிட்டேன்.

அதன் பிறகு இன்றுவரை அது எழவே இல்லை. ரிமோட்டில் குறை இல்லை, கதவில் குறை இல்லை. நான் இப்போதும் கொட்டகை எதிரே நிறுத்தி, பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு, வெறுமனே காத்திருந்துவிட்டுப் போகிறேன்.

கிராணி உயிரோடுதான் இருக்கிறார். எப்போதாவது மாலையில் லைன் பாதையில் எதிரே வருவார். ஒரு கை சட்டைப் பையை மூடியிருக்கும். நடக்கும்போது பாதையின் நடுவில் நடப்பதில்லை, பக்கத்தில் வருகிற ஒருவருக்கு இடம் விட்டது போல வலது ஓரமாகவே நடக்கிறார்.