மாமாவின் டெஸ்ட் டிரைவ்

சின்ன எஸ்யூவி வாங்க வேண்டும். இரண்டில் எது என்று மூன்று மாதமாகக் குழப்பம்.

மாமனார் பார்த்துச் சொல்லட்டும் என்று, கடலூர் ஷோரூம் வண்டியையும் சிதம்பரம் ஷோரூம் வண்டியையும் இன்று அவர் ஊரான கீரப்பாளையத்துக்கே டெஸ்ட் டிரைவுக்கு வரவழைத்தேன்.

முன்சீட்டில் மாமா.

"ரோட்டுல யாரோ உளுந்துச் செடி பரப்பியிருக்காங்க மாமா."

"ஏத்துங்க மாப்ள. அப்பதான் சஸ்பென்ஷன் தெரியும்."

ஒவ்வொரு வண்டியிலும் எட்டு முறை போய்வந்தோம். "இன்னும் கொஞ்சம் ஓரமா" என்று வேறு சொன்னார்.

இறங்கினால், உதிர்ந்து கிடந்த உளுந்தை மாமியார் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"எது வாங்கலாம் மாமா?"

"ரெண்டும் நல்லாதான் இருக்கு. அடுத்த வாரம் பச்சப்பயறு புடுங்குறோம். இன்னொருவாட்டி ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

பயறு, உளுந்து வைத்திருக்கும் நண்பர்கள் கமெண்டில் வரவும். மூன்றாவதாக ஒரு வண்டியும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.