மதினி தட்டிய சுவர்

போன வாரம் மூணாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் அண்ணன் மனைவி செல்வராணி ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். மதினி அப்படித்தான்.

"செவத்தத் தட்டுனேன் கொழுந்தனாரே… தட்டிக்கிட்டே கெடந்தேன். ஒரு நாதி வரலயே!"

எந்தச் சுவர்? அதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

மதினி சின்னக்கானலில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். குடியிருந்தது லயத்தில் — தொழிலாளர்களுக்கு எஸ்டேட்டில் கட்டிய வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ரோசம்மா. ஒரு தட்டு தட்டினால் 'இருக்கியா?' என்று அர்த்தம். விடாமல் தட்டினால், 'ஓடி வா!' மதினிக்கு மூச்சிழுப்பு வந்தபோதெல்லாம் ரோசம்மா ஓடி வந்திருக்கிறார்.

லயத்தை நினைத்து உருக நான் தயாரில்லை. மழை பெய்தால் தகரம் ஒழுகும். கக்கூஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அங்கேயே திரும்பிப் போகச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

ரிட்டயர் ஆனதும், லயத்துக்காரர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. டைல்ஸ், ஷவர், லிஃப்ட்… பக்கத்து வீடே ரோசம்மாவுக்கு! இனி என்ன கவலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அன்று காலை மகன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டப் போன பிறகு மதினிக்கு இழுப்பு வந்தது. போன் ஹாலில் சார்ஜரில் இருந்தது. எழ முடியவில்லை. கத்த மூச்சில்லை. கை தானாகச் சுவருக்குப் போயிருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய்கள் ஓடும் வெறும் பொந்து! அதற்கும் அப்பால்தான் ரோசம்மா வீடு. மத்தியானம் சாப்பிட வந்த மகன்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

"கெழங்கு அவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி. கர்த்தரே, இந்தக் காதுல விழலயே!" என்று கட்டிலருகே ரோசம்மா அழுதார்.

நேரே போய் அந்தக் கட்டடத்தின் எஞ்சினியரைப் பிடித்தேன்.

"ப்ரைவஸி வேணுமல்லோ சாரே? ஒரு வீட்டுச் சத்தம் மத்த வீட்ல கேக்காது. அதாக்கும் டிசைன்" என்றார், பெருமையாக.

யாரய்யா கேட்டார்கள் அந்த ப்ரைவஸியை? பிளான் போடும் முன்பு லயத்துக்குப் போய், "அவசரம்னா எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று ஒரு வார்த்தை விசாரித்தால் குறைந்தா போவீர்கள்? கார் பார்க்கிங் யோசிக்கத் தெரிந்திருக்கிறது. கேட்டில் கேமரா வைக்கத் தெரிந்திருக்கிறது. உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் தவித்தால் யாருக்குத் தெரியும் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை. பெருநகரத்து ஃப்ளாட்டுகளில் இருக்கும் நீங்களும் சொல்லுங்கள் — உங்கள் சுவரைத் தட்டினால் யார் வருவார்?

மதினி வீடு திரும்பிவிட்டார். ரோசம்மாவே ஒரு வழி செய்திருக்கிறார். மதினியின் கட்டிலிலிருந்து ஒரு கயிறு, பால்கனி வழியாக ரோசம்மாவின் பால்கனிக்குப் போகிறது. நுனியில் தூக்குவாளி, அதற்குள் கரண்டிகள். இழுத்தால் தெருவுக்கே கேட்கும்.

நேற்று எஞ்சினியர் போன் செய்தார். "அந்தக் கயித்த அவுக்கச் சொல்லணும் சாரே. முன்னால நின்னு பாத்தா பில்டிங் எலிவேஷனே கெட்டுப்போகுது."

கெடட்டும்!