சாமி மடுவின் கெண்டை

அறுபதுகளில் நம் பக்கம் டெலிவிஷன் ஏது? சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் சின்னப் படம் ஒன்று ஓட்டுவார்கள். அதில் ஆற்றிலும் குளத்திலும் இறங்கி நின்று, ஆமையையும் நண்டையும் தூக்கிக் காட்டிப் பேசுகிற ஆள் நான்தான். ஜனங்கள் அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். எனக்குக் காலெல்லாம் சேற்றுப்புண். வேறு பிழைப்புக் கிடைத்திருந்தால் ஓடியிருப்பேன். கிடைக்கவில்லை.

ஜவ்வாது மலைக்குப் போனதும் அப்படி ஒரு படத்துக்குத்தான். அடிவாரத்துப் படவேட்டோடு பஸ் முடிந்தது. படம் எடுப்பவரும் நானும் காமிராப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறினோம். மேலே கோயிலை ஒட்டி ஓடையில் ஆழமான ஒரு மடு. அதில் கை நீளக் கெண்டைகள். ஊர்க்காரர்கள் பிடிப்பதில்லை, சாமைச் சோறு போட்டு வளர்க்கிறார்கள். ஊர்க்கவுண்டர் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார்.

"சாமி மீனுங்க. ஒண்ணே ஒண்ணு புடிச்சிக் காட்டுங்க. ஆனா உசுரோட தண்ணில வுட்டுடணும்."

"வுட்டுட்றேங்க," என்றேன். படம் எடுப்பவர் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாக்கு என் தலையில் விழுந்தது.

பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஒத்திகை பார்த்துப் பார்த்துத்தான் காமிராவை ஓட்டுவார். ஒரு கெண்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பேசினேன். செதில் மின்னவில்லை, சாய்த்துப் பிடி என்றார். தண்ணீரில் முக்கி மறுபடி தூக்கினேன். மேகம் மறைத்தது. மறுபடி தூக்கச் சொன்னார். துள்ளிக்கொண்டிருந்த மீன் கையில் கனக்க ஆரம்பித்தது. ஒத்திகைக்கு ஒரு கட்டையை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "உனக்குப் பேசத்தான் சம்பளம்," என்றார். கரையில் உட்கார்ந்திருந்த கவுண்டர் எழுந்து நின்றார்.

கடைசியில் காமிரா நிஜமாகவே ஓடியபோது மீன் வாயைப் பிளந்து கிடந்தது. எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது. பேசாமல் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டேன். "தூக்குடா!" என்று சத்தம் வந்தது. தூக்கவில்லை. செவுள் அசையுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து வால் என் மணிக்கட்டில் அடித்தது. மீன் நழுவி ஆழத்துக்குள் இறங்கியது.

"உசுரோட போய்ட்ச்சிங்களா?" என்றார் கவுண்டர்.

"போய்ட்ச்சிங்க."

மலை இறங்கும்போதே, இனிமேல் வர வேண்டாம் என்று படம் எடுப்பவர் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து வாணியம்பாடிக் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். குரலை எப்போதும் சென்னையில் பிறகுதான் சேர்ப்பார்கள். பிலிமை வீணாக்க மனம் வராமல், நான் குனிந்து நின்றதையே போட்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. யாரோ கணீரென்று பேசினார்: "இதோ, மலைவாசி ஒருவர் வெறுங்கையால் மீன் பிடிக்கிறார்."

பக்கத்தில் இருந்தவர், "கெட்டிக்காரன்," என்றார்.

அந்த மலையில் கொட்டகை கிடையாது. கவுண்டர் இதைப் பார்க்கப்போவதில்லை. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.