திரை போட்ட அறையும் மூளைக்குள் ஓடும் கடிகாரமும்

மொட்டைமாடியில் என் மகள் கயல் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கீழே அறையில் படுத்திருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். உடம்பு அசையவில்லை. கண்ணைத் திறந்தால் மணல் உரசுவது போல எரிந்தது. அவளுடைய பெரியம்மா ஏதோ சொல்ல, மறுபடியும் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த நினைப்போடு மறுபடி தூங்கிப்போனேன்.

இதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கு அது எனக்கு நோயாகத் தெரியவில்லை, அவமானமாகத்தான் தெரிந்தது.

பிள்ளை பெற்ற பிறகு தூங்கவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல், சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்திக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நான் சொல்வதும் உங்கள் மருத்துவர் சொல்வதும் வேறாக இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சுனாமி வந்த மறு ஆண்டு கயல் பிறந்தாள். டீச்சர் வேலைக்கு விடுப்புப் போட்டு, பாகூர் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, ஐந்தாம் மாதம் நகரத்தில் உப்பளம் என்ற பகுதியில் இருக்கும் கணவர் வீட்டுக்குத் திரும்பினேன். மாமியார், கணவர், கணவரின் அண்ணன், அண்ணன் மனைவி செல்வி அக்கா, அவர்களுடைய இரண்டு பையன்கள் என்று நிறைந்த வீடு. செல்வி அக்காதான் கயலுக்குப் பெரியம்மா.

செல்வி அக்காவுக்கு அலாரம் தேவையில்லை. இருட்டு பிரியும்போது எழுந்துவிடுவார். இரவு சாப்பிட்டுப் பாய் விரித்தால் பேச்சின் பாதியிலேயே தூங்கிவிடுவார். கயலும் அதற்குள் இரவு முழுக்கத் தூங்கப் பழகியிருந்தாள். எனக்கோ விடிகிற நேரத்தில்தான் கண் செருகும். அதன்பின் உச்சிப்பொழுது வரை யார் எழுப்பினாலும் தெரியாது.

"கொழந்த ராத்திரி பூரா தூங்குது, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று மாமியார் கேட்பார். எனக்கும் தெரியவில்லை. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேனோ, பால் குடித்தால் சரியாகுமோ, படுக்கும் திசை சரியில்லையோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

நான் எழுந்து வரும்போது கயல் குளித்து, சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, செல்வி அக்காவின் இடுப்பில் இருப்பாள்.

"வாங்க டீச்சரம்மா, ஒலையில சோறே வெந்துடுச்சு. ஒங்க பள்ளிக்கூடத்துல பசங்க மத்தியானந்தான் வருவாங்களா?"

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். குழந்தையை வாங்கி அறைக்குள் போய், அந்தப் பொட்டை அழித்துவிட்டு இன்னொரு கன்னத்தில் என் கையால் வைப்பேன். இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் கணவரின் தூக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவு எளிதாகக் கிடைக்கும் ஒன்று எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

முதலில் பார்த்த மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தார். இரும்புச்சத்தும் தைராய்டும் (கழுத்தில் உள்ள, உடலின் வேகத்தை ஆளும் சுரப்பி) சரியாக இருந்தன. தூக்க மாத்திரை எழுதித் தந்தார். தாய்ப்பாலில் கலந்துவிடுமோ என்ற பயத்தில் அதை வாங்கவே இல்லை. வாங்காததற்கும் பயந்தேன். கடைசியில் மாமியாரே என்னை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

அந்த டாக்டரம்மா நிறையக் கேட்டார். அழுகை வருகிறதா, சாகத் தோன்றுகிறதா, குழந்தையைப் பார்த்தால் பயமா என்று மனச்சோர்வைப் பற்றி முதலில் விசாரித்தார். பிறகு கேட்டார்:

"படுக்கிற ரூம்ல பகல்ல வெளிச்சம் வருமா?"

"திரை போட்டிருக்கோம் டாக்டர்."

"எதுக்கு?"

"பிள்ளை பெத்த உடம்பு, காத்தும் வெயிலும் படக்கூடாதுன்னு…"

"கொழந்தைக்கு எட்டு மாசம்னு சொன்னீங்களே. இன்னுமா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்தார்.

"அது அவங்க அம்மா வூட்டு வழக்கம் டாக்டர். சம்மந்தி வூட்டு மொறையில நாம எப்பிடி கை வைக்கறது?"

"அம்மா மூணு மாசந்தான் சொன்னாங்க அத்தை. இங்க நீங்க எதிர்பாப்பீங்கன்னுதான் நான் வந்ததும் மாட்டினேன்."

"நானா? நான் எப்போ சொன்னேன்? பழைய பொடவைய நீ தொங்கவிடும்போது எனக்கே மூச்சு முட்டுச்சு. ஒங்கம்மா கோச்சிக்குவாங்களேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்தத் திரை யாருக்காகத்தான் தொங்குது?"

பிறகு ஒரு தாளில் மூளையை வரைந்து காட்டினார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே ஒரு சிறு செல்கூட்டம் இருக்கிறது. அதுதான் உடலின் கடிகாரம். அதில் ஒவ்வொரு செல்லும் தானாகவே ஒரு நாளை ஓட்டும். தனித்தனியே விட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒரு செல் வெளியிடும் வேதிப்பொருளைப் பக்கத்துச் செல்லில் இருக்கும் ஏற்பி (குறிப்பிட்ட பொருள் வந்து பொருந்தினால் செல்லுக்குள் சேதி சொல்லும் புரதம்) வாங்கிக்கொள்கிறது. இப்படி ஒன்றையொன்று கேட்டுத்தான் எல்லாச் செல்களும் ஒரே நேரத்துக்கு வருகின்றன.

ஆனால் வெளியே விடிந்துவிட்டதை அந்தக் கூட்டம் தானாக அறியாது. விழித்திரையிலிருந்து (கண்ணின் உட்புறத் திரை) வரும் நரம்புகள் வெளிச்சத்தின் சேதியைக் கொண்டுவர வேண்டும். அதைப் பிடிக்க வேறு ஏற்பிகள். இருட்டியபின் சுரக்கும் மெலடோனின் (இரவு வந்ததை உடலுக்குச் சொல்லும் சுரப்பு) வந்து சேரவும் அதே செல்களில் ஏற்பிகள் உண்டு. இவற்றை எல்லாம் ஆராய்ச்சியாளர்கள் இப்போதுதான் சிறிது சிறிதாகக் கண்டுபிடித்து வருகிறார்கள் என்றார்.

"ஒங்க மூளையில கோளாறு இருக்கற மாதிரி எனக்குத் தெரியலம்மா. கேக்கறதுக்கு ஏற்பிங்க தயாரா இருக்கு. காலையில போய்ச் சேர வேண்டிய வெளிச்சம் போகல. ராத்திரி மட்டும் தலைக்கு மேல டியூப் லைட் எரியுது. கடிகாரம் பின்னால தள்ளிப்போச்சு. எல்லாருக்கும் இப்பிடி ஆகாது. நீங்க படிக்கற காலத்துலயே லேட்டா தூங்கற ஆளா?"

ஆமாம் என்றேன். பிறகு கேட்டேன், "குழந்தையும் அதே ரூம்லதான் படுக்கிறா. அவளுக்கு மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கு?"

"அவள யாராவது காலையில வெளிய தூக்கினு போவாங்களா?"

"பெரிய மருமவ தெனம் மாடியில எளவெயில் காட்டுவா," என்றார் மாமியார்.

"அதான்," என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் என்னை அறுத்தது. குளிப்பாட்டுவதையும் சோறூட்டுவதையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். என் வயிற்றில் இருந்த பிள்ளையின் மூளைக்குள் போய், அவளுடைய ஒவ்வொரு நாளையும் இன்னொருத்தி தொடங்கி வைத்திருக்கிறாள். அதை எப்படி வாங்குவது?

மருத்துவர் மருந்து என்று எதுவும் தரவில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை எழும் நேரத்தைச் சிறிது முன்னால் தள்ள வேண்டும், எழுந்த உடனே திறந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்கைக் குறைக்க வேண்டும். நானாக எழ முடியாது, யாராவது எழுப்ப வேண்டும் என்றார். வீட்டில் அந்த வேலைக்கு ஒருவர்தான் இருந்தார்.

"எழுந்திரு டீச்சரம்மா. சூரியன் ஒனக்காக நிக்காது," என்று செல்வி அக்கா போர்வையை உருவுவார். குமட்டலோடு படியேறுவேன். முதல் நாள், அக்காவின் இடுப்பில் இருந்த கயல் என்னைப் பார்த்ததும் அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாலையில் என் மடியை விட்டு இறங்காத பிள்ளைக்குக் காலையில் நான் அந்நியமாக இருந்தேன். பக்கத்து மாடியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், "பொன்ழூர், மதாம்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, "புதுசா குடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் வெயிலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒழுங்காக முன்னேறவில்லை. அடைமழை வந்த வாரம் எல்லாம் பழையபடி ஆனது. மறுபடி தொடங்கினோம். பிறகு ஒரு நாள், யாரும் எழுப்பாமல் கண் விழித்தேன். ஜன்னலில் சாம்பல் நிறம். கயல் பக்கத்தில் புரண்டு என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அழுதாள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்படிப் பல காலைகள் அழுதாள். பிறகு ஒரு காலை அழாமல் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

நான் தேறிவிட்டேன் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியபோது, ஒரு நாள் நான் கயலோடு மாடியிலிருந்து இறங்கும் வழியில் செல்வி அக்கா படியில் டம்ளரோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, இங்க ஒக்காந்துட்டீங்க?"

"மாடிதான் ஒங்க ரெண்டு பேருக்குன்னு ஆயிடுச்சே." சிரிக்கவில்லை. "முழிப்பு மட்டும் அதே நேரத்துக்கு வந்துடுது. இவ எழுந்துடுவா, வெந்நி போடுன்னு ஒடம்பு எழுப்பி விடுது. எழுந்து பாத்தா வேலையே இல்ல. என் தடிப்பசங்கள தொட்டாலே 'போம்மா'ன்றானுங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க வேண்டாம். அடுத்த கணமே அக்காவின் அந்த முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது. மாதக்கணக்கில் நான் வைத்திருந்த முகம். கயல் அவரிடம் கையை நீட்டினாள். நான் இடுப்பில் இருந்தவளை இறுக்கிக்கொண்டேன். பிறகு கொடுத்தேன்.

கயலுக்கு இப்போது மூன்று வயது. என் நோய் திரும்பவில்லை. நேரம் என்பது சுவரில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்குவது என்று இருந்த நினைப்பு மட்டும் போய்விட்டது. அது எனக்குள், விரல் வைக்க முடியாத ஓரிடத்தில், ஒவ்வொரு காலையும் விடிந்துவிட்டது என்று யாராவது சொல்லக் காத்திருக்கிறது. பொறாமையும் போகவில்லை. நானும் அக்காவும் முறைவைத்து அவளை மாடிக்குத் தூக்கிப் போகிறோம். நான் தூக்கினால், "பெரியம்மா எங்க?" என்பாள். அது இன்னும் குத்தும்.

அக்கா தூக்கும் நாளில் "அம்மா எங்க?" என்று கேட்கிறாள் என்பதை அக்கா எனக்குச் சொன்னதே இல்லை. கணவர்தான் தற்செயலாகச் சொன்னார். மறுநாள் அக்காவின் முறை. விடிவதற்கு முன்பே விழித்துவிட்டேன். உடம்பு எழுந்திருக்கத் தயாராக இருந்தது. ஆனாலும் எழாமல், மாடிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, கயல் அப்படிக் கேட்கிற வரை படுத்திருந்தேன்.